மீன் காதுக் கல்

அமெரிக்காவின் ஏரிக்கரை ஊரான போர்ட் ஹார்மனில் ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. "யாரை எடுப்பாங்க?" என்றுதான் கேட்பார்கள். பல் மருத்துவர் கேட்பார். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே நோயாளி பதில் சொல்வார்.

ஊரின் கால்பந்து அணிக்கு ஆங்கர்ஸ் என்று பெயர். ஆங்கர் என்றால் நங்கூரம். நங்கூரம் எங்கே கிடக்குமோ அங்கேதான் பதினோரு வருடமாகக் கிடந்தது. ஆனால் இந்த ஆட்டத்தில் தோற்பதற்கும் பரிசு உண்டு. கல்லூரிகளில் ஆடி முடித்த பையன்களை அணிகள் வரிசையாகப் பொறுக்கி எடுக்கும் நாளுக்கு டிராஃப்ட் என்று பெயர். அதிகம் தோற்றவர்களுக்கு அதில் முன்வரிசை. இந்த வருடம் ஆங்கர்ஸுக்கு மூன்றாவது இடம். தோற்பதில்கூட முதலாவதாக வர முடியவில்லை.

கையால் எறிந்து, கையால் பிடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற இந்த ஆட்டத்துக்கு ஏன் கால்பந்து என்று பெயர் வந்தது என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கிற பழக்கம் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

ஆராய்ச்சியெல்லாம் ஏரிக்கரையில் மாஜ் நடத்தும் மதுக்கடையில் நடந்தது. மது ஊற்றும் மேடையை ஒட்டிப் பன்னிரண்டு உயரமான நாற்காலிகள். பன்னிரண்டிலும் நிபுணர்கள்.

"நெப்ராஸ்கா பையன்தான்! அவன் எறிஞ்சா பந்து அடுத்த மாநிலத்துல போய் விழும்" என்றான் ரஸ்டி. பெரிய மீசைக்காரன், அந்த மீசைக்கு இருபது வயது.

"எறியறதுக்கு முன்னாடி அவன் நிக்க வேண்டாமா? முன்னால நின்னு மறைக்க ஒரு மலை மாதிரி ஆளு வேணும்டா. அயோவால ஒருத்தன் இருக்கான். நூத்தம்பது கிலோ" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

"அவனுக்கு முழங்கால் சரியில்ல."

"உனக்கு மூளை சரியில்ல. நாங்க உன்னை வச்சுக்கலையா?"

நான்காம் நாற்காலியில் இருந்த எமில் ஹூடெக் சிரித்தார். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சிரித்ததும் மூச்சு வாங்கியது. நெஞ்சைத் தடவிக்கொண்டார். அங்கே ஒரு கல் தொங்கியது.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏரியில் ஆட்டுத்தலை மீன் என்று ஒன்று உண்டு. யாரும் தின்பதில்லை, தூண்டிலில் மாட்டினால் திட்டிக்கொண்டே திரும்ப எறிவார்கள். அதன் காதுக்குள் வெள்ளையாக ஒரு கல் இருக்கும். கல்லின் மேல் எல் என்ற ஆங்கில எழுத்து போல ஒரு கோடு. 'லக்' என்ற சொல் எல்லில்தான் தொடங்குகிறது, ஆகவே அது அதிர்ஷ்டக் கல். செய்தித்தாள் பட்டியலில் தோற்ற ஆட்டத்துக்கு எதிரே போடுவதும் அதே எல்தான் என்பதைப் பதினோரு வருடமாக அந்த எழுத்தையே பார்த்து வந்த ரசிகர்கள் கவனிக்கவில்லை.

கரையில் குனிந்தால் சும்மா கிடைக்கிற இந்தக் கல்லை விலைக்கு விற்ற மகான்தான் கேப்டன் விர்ஜில் டப்ஸ். அவர் எந்தக் கப்பலுக்கும் கேப்டன் இல்லை. பூங்காவில் மிதிபடகு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். தொப்பி மட்டும் கேப்டன் தொப்பி.

அவருடைய அற்புதம் இதுதான். ஒவ்வொரு மார்ச்சிலும் தன் பெயருக்கே ஒரு கடிதம் தபாலில் அனுப்பிக்கொள்வார். முத்திரை குத்தப்பட்டு வந்த உறையைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாஜ் கடைச் சுவரில் மாட்டுவார். ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட். தொலைக்காட்சியில் ஆங்கர்ஸ் எடுத்த பையனின் பெயரை அறிவித்ததும், கேப்டன் எழுந்து சட்டத்தை இறக்கி, "ஏரித் தண்ணியால துடைச்சுட்டு வரேன்" என்று பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். பிறகு வெளியே வந்து உறையைத் திறந்தால், உள்ளே அதே பெயர்! வெளியே மார்ச் மாத முத்திரை! மூன்று வருடம், மூன்று பெயர், ஒன்றுகூடத் தப்பவில்லை.

"நான் ஒண்ணுமில்லப்பா. ஏரி பேசுது, நான் எழுதறேன்" என்பார் அடக்கமாக. உறையைத் துடைக்க எதற்குக் கதவைச் சாத்த வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எடுத்த மூன்று பையன்களும் தேறவில்லை என்பதை ஏரி முன்கூட்டிச் சொல்லவில்லை. அதையும் யாரும் கேட்கவில்லை.

பையன்கள் தேறாததற்குக் கேப்டனிடம் காரணம் இருந்தது. டிராஃப்ட் அன்று பன்னிரண்டு நாற்காலியிலும் அதே பன்னிரண்டு பேர், புதுக் கல் அணிந்து உட்கார வேண்டும். இதற்குச் சங்கிலி என்று பெயர். ஒரு கண்ணி விட்டாலும் போச்சு. இரண்டு வருடத்துக்கு முன்னால் கர்ட்டிஸ் என்பவர் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அந்த வருடம் எடுத்த பையனுக்குக் கணுக்கால் முறிந்தது. கர்ட்டிஸோடு இன்றுவரை ஊரில் யாரும் பேசுவதில்லை.

இந்த வருடம் டிராஃப்ட் வியாழக்கிழமை மாலை. அதே வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எமிலுக்கு இதய அறுவை சிகிச்சை. வால்வு ஒன்றை மாற்ற வேண்டும்.

"தள்ளி வச்சுடு. ஏரி உன்னைப் பார்த்துக்கும்" என்றார் கேப்டன்.

வீட்டில் எமில் இதைச் சொன்னபோது மனைவி வெர்னா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். ஊர்த் தபால் நிலையக் கவுண்டரில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவர். யாரையும் சட்டென்று திட்டிவிட மாட்டார்.

"ஜனவரிலயும் தள்ளி வச்சோம். அப்ப என்ன காரணம்?"

"சீசனோட கடைசி ஆட்டம்."

"ஜெயிச்சாங்களா?"

ஆங்கர்ஸ் தோற்றிருந்தது. முப்பத்தெட்டுக்கு மூன்று.

"டாக்டர் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா? இன்னொரு தடவை தள்ளி வச்சா, அப்புறம் உன்னைத் தூக்கித்தான் வைக்கணும்."

"நான் போகலேன்னா பதினோரு பேரோட உழைப்பும் வீணாப் போயிடும் வெர்னா."

"என்ன உழைப்பு? உக்காந்து குடிக்கிறதா?"

எமில் அறையைவிட்டு எழுந்து போனார். உண்மையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய அண்ணன் இதே மாதிரி ஒரு காலையில் கையசைத்துவிட்டு அறுவை அறைக்குள் போனவர், திரும்பி வரவில்லை. நெஞ்செலும்பைப் பிளப்பார்கள் என்று நினைத்தாலே எமில் சட்டைப் பித்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொள்வார். பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கம். அணிக்காகத் தியாகம் செய்கிறேன் என்று சொல்ல வெட்கமே இல்லை. கேப்டனின் சங்கிலி அவரைக் கட்டவில்லை. அவர்தான் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

மருத்துவமனைக்குப் புதன்கிழமை காலைக்குள் முடிவு சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலை கேப்டன் மாஜ் கடையில் புதுக் கற்கள் வழங்கினார். பன்னிரண்டு பேரும் சூப் கிண்ணத்தோடு ஆஜர். ரஸ்டி மட்டும் வாயைக் கையால் மூடிக்கொண்டு வந்தான், மீசையைக் காணோம். முந்தின இரவு பேஸ்பால் ஆட்டத்தில் மீசையைப் பந்தயம் கட்டித் தோற்றிருந்தான்.

வெர்னா தபால் நிலையச் சீருடையோடு நேரே உள்ளே வந்தார். கையில் ஓர் உறை.

"கேப்டன், எனக்கும் ஏரி பேசிச்சு" என்றார்.

கேப்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஏரி எல்லார்கிட்டயும் பேசாதும்மா."

"என்கிட்ட பேசிச்சே. மாஜ், முத்திரையைப் பாரு. என்ன தேதி?"

மாஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மார்ச் மூணு. சுவத்துல இருக்கிற கேப்டன் உறைலயும் அதே மார்ச் மூணு."

"ஒட்டியிருக்கா?"

"நல்லா ஒட்டியிருக்கு. பிரிக்கவே வரல."

"கிழிச்சுப் படி."

மாஜ் கிழித்துப் படித்தார். "ஏப்ரல் கடைசித் திங்கட்கிழமை ராத்திரி ரஸ்டி பந்தயத்துல தோப்பான். இருபது வருஷத்து மீசை போயிடும். மறுநாள் மாஜ் கடை சூப்புல உப்பு கூடுதலா இருக்கும்."

பன்னிரண்டு கரண்டிகள் கீழே வைக்கப்பட்டன. ரஸ்டி மேலுதட்டைத் தடவிக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர்.

"அம்மாடியோ!" என்றது ஒரு குரல். ஒன்பதாம் நாற்காலிக்காரர் இறங்கி வந்து வெர்னாவின் சட்டைக்கையைத் தொட்டார். "வெர்னாக்கா, என் பொண்டாட்டி திரும்பி வருவாளா? அதையும் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

"அயோவாப் பையனா, நெப்ராஸ்காப் பையனா? அதைக் கேளுங்க முதல்ல!" என்று இன்னொருவர் முண்டினார். கேப்டனின் பக்தர்களில் பாதிப்பேர் அரை நிமிடத்தில் கட்சி மாறிவிட்டார்கள். முகம் வெளுத்தது கேப்டனுக்குத்தான்.

"அட மண்டுகளா!" வெர்னாவின் குரல் உயர்ந்து எமில் கேட்டதில்லை. "மார்ச் மூணாம் தேதி வெறும் உறைல என் பேரை எழுதி, ஒட்டாம, மூடியை உள்ளே செருகித் தபால்ல போட்டேன். என் வீட்டுக்கே வந்துச்சு. இன்னிக்குக் காலைல ரஸ்டி மூஞ்சியைத் தபால் ஆபீஸ்ல பார்த்தேன். மத்தியானம் எழுதி உள்ளே வச்சு ஒட்டினேன். சூப்புல உப்பு எல்லாச் செவ்வாய்க்கிழமையும்தான் கூடுதல்."

"அது சரிதான்" என்றார் மாஜ்.

"மார்ச் மூணாம் தேதி உனக்கு எப்படிடி இது தோணிச்சு?" எமில் கேட்டார்.

"அடுத்தவங்க தபாலைப் பத்தி நான் வெளியே பேசக் கூடாது எமில். என் தபாலைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் பேசுவேன்." அவர் சுவரைப் பார்த்தார். "அது இப்போ தபால் இல்ல, சுவத்துல மாட்டின படம். யாராவது இறக்கிப் பாருங்க. ஒட்டியிருந்தா நான் மன்னிப்புக் கேக்கறேன். உள்ளே ஒரு பேரு எழுதியிருந்தா, என் புருஷன் வியாழக்கிழமை இங்கயே உக்காரட்டும்."

"தொடாதீங்க!" கேப்டன் கையை விரித்து நின்றார். "வியாழக்கிழமைக்கு முன்னாடி தொட்டா சங்கிலி அறுந்துடும்! நாற்காலியைவிட்டு ஒருத்தரும் இறங்கக் கூடாது!"

ஒன்பதாம் நாற்காலிக்காரர் ஓடிப்போய்த் தன் இடத்தில் ஏறிக்கொண்டார். நெப்ராஸ்காப் பையனுக்காக உயிரையே விடுவேன் என்றிருந்த ரஸ்டி சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவருக்கும் அவர்களுக்கும் நடுவே எட்டடிதான்.

எமில் வெர்னாவைப் பார்த்தார். வெர்னாவின் கை, மாஜ் கிழித்த உறையை எடுத்துக் கசக்கிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருடம் முத்திரை குத்திய கை. அது ஒரு தபாலைக் கசக்கி அவர் பார்த்ததில்லை. தான் மட்டும்தான் பயந்துகொண்டிருப்பதாக அதுவரை நினைத்திருந்தார்.

நான்காம் நாற்காலியிலிருந்து இறங்கினார். இடி விழவில்லை. எட்டடி நடந்தார், பாதியில் நின்று மூச்சு வாங்கினார். கேப்டன் வழிவிடவில்லை. முப்பத்திரண்டு வருடம் டன் கணக்கில் இரும்புத் தாதுவைக் கிரேனால் தூக்கி வைத்தவர், கேப்டனையும் இரண்டு தோளைப் பிடித்து மெல்ல நகர்த்தி வைத்தார். சட்டத்தை இறக்கி உறையை வெளியே எடுத்தார். உறையின் மூடி செருகித்தான் இருந்தது. சுண்டுவிரலால் நெம்பியதும் திறந்துகொண்டது. தலைகீழாகப் பிடித்து உதறினார். ஒன்றும் விழவில்லை.

"எழுத்து வியாழக்கிழமைதான் தெரியும்!" என்றார் கேப்டன். "ஏரி அன்னிக்குத்தான் எழுதும்!"

"ஆமாம்ல?" என்றது ஏழாம் நாற்காலி நம்பிக்கையோடு.

எமில் உறையை விரித்து எல்லாருக்கும் காட்டினார். "எழுத்து அப்புறம் வரட்டும் கேப்டன். தாள் எங்க? உள்ளே தாளே இல்லையே. ஏரி எதுல எழுதும்?"

கேப்டன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். துடைக்க ஏரித் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் பின்னறைக்குள் போனார். அந்த அறைக்கு இன்னொரு கதவு இருப்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

எமில் கழுத்துக் கல்லைக் கழற்றினார். "வெர்னா, எனக்குப் பயமா இருக்கு" என்றார், அத்தனை பேர் முன்னால்.

"எனக்கும்தான். கோட்டை எடு, போலாம்."

வியாழக்கிழமை காலை எமில் அறுவை மேசையில் படுத்தார். வெள்ளிக்கிழமை கண் விழித்தபோது நெஞ்சில் கட்டு, பக்கத்தில் வெர்னா.

"யாரை எடுத்தாங்க?" என்றார், முதல் வார்த்தையாக.

"கேக்காதே. சிரிச்சா தையல் வலிக்கும்."

"சொல்லு."

"முன்னேற முடியாதப்ப பந்தை எதிராளிகிட்டயே உதைச்சுக் குடுப்பானே, அந்த உதைக்கிற பையன். நெப்ராஸ்காவும் இல்ல, அயோவாவும் இல்ல."

எமில் சிரித்தார். தையல் வலித்தது. கண்ணில் நீர் வர வர, உயிரோடு இருக்கிறோம் என்ற சந்தோஷத்தில் மறுபடியும் சிரித்தார்.

அங்கே மாஜ் கடையில் ஏழாம் நாற்காலி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. நான்காம் நாற்காலி காலியாக இருந்ததால்தான் இப்படி ஆகிவிட்டதாம். இப்போது எமிலோடு யாரும் பேசுவதில்லை. அவரும் கர்ட்டிஸும் சாயங்காலங்களில் ஏரிக்கரையில் நடக்கிறார்கள், மூச்சு வாங்குவதில்லை. காலடியில் காதுக் கற்கள் கிடக்கின்றன, சும்மாவே.

அந்தக் கல் மீனின் தலைக்குள் இருந்தவரை மீனுக்குக் காது கேட்டது. மனிதன் கழுத்தில் ஏறிய பிறகு மனிதனுக்குக் கேட்கவே தெரியாமல் போயிற்று. சொன்னதையெல்லாம் காதால் கேட்டவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களில் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டவர் ஒருவர். உங்கள் நாற்காலி எத்தனையாவது?