மிஸிஸ் ஆனந்தராசாவின் இடுப்பு

இரண்டாவது நாடாவும் அறுந்தது. முழங்காலை மனைவியின் முதுகில் ஊன்றி இழுத்துக்கொண்டிருந்த குலசிங்கம், பின்பக்கமாகப் போய்த் தண்ணீர்ப் பானையின் மேல் விழுந்தார்.

"பானை போச்சா?" என்று கேட்டாள் கமலேஸ்வரி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கச்சுக்குள் இருந்துகொண்டு திரும்ப முடியாது.

"விழுந்தது நான். நீர் பானையைக் கேக்கிறீர்."

"நீங்கள் எழும்புவியள். பானை எழும்புமா?"

நேரம் மூன்றரை. நாலு மணிக்கு அடுத்த வீட்டில் தேநீர். வழக்கம்போல வேலிக்கு மேலால் கூப்பிட்டுச் சொல்லவில்லை. கடித உறையில் அட்டை வந்திருந்தது. 'மிஸ்டர் அண்ட் மிஸிஸ் குலசிங்கம்' என்று அதில் வளைந்து வளைந்து எழுதியிருந்தது. அந்த எழுத்தைப் பார்த்ததிலிருந்து குலசிங்கத்துக்கு வயிற்றெரிச்சல்.

அடுத்த வீட்டு ஆனந்தராசாவும் குலசிங்கமும் ஒரே நாளில் திருகோணமலைத் துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கர் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே சம்பளம். உட்துறைமுக வீதியில் ஒரே அளவு வீடு. நாற்பத்திரண்டாம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடும்வரை இரண்டு பேருக்கும் ஒரு வித்தியாசமும் இருக்கவில்லை. குண்டு விழுந்ததும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் மூட்டை கட்டின. அவர்கள் விட்டுப்போன சாமான்கள் லாபிரின் பழைய சாமான் கடைக்கு வந்தன. அங்கேதான் ஆனந்தராசா அந்தப் பெரிய மரப்பெட்டியை வாங்கினார்.

பெட்டிக்குள் யாரோ ஒரு கிழவியினதும் கிழவனதும் உடுப்புகள், இடுப்பை இறுக்கிக் கட்டும் கச்சுகளான இரண்டு கோர்செட்டுகள், விக்டோரியா மகாராணி காலத்தில் குடும்பம் நடத்துவது எப்படி என்று சொல்லும் தடித்த புத்தகம் ஒன்று. அதன் பிறகு அந்த வீடு மாறிப்போனது. நாலு மணிக்குத் தேநீர். மேசைக் கால்களுக்குச் சீலை உறை. புருஷன் பெண்சாதியை 'மிஸிஸ் ஆனந்தராசா' என்று சொன்னார். பெண்சாதி மாதுமை புருஷனை 'மிஸ்டர் ஆனந்தராசா' என்றாள். இரண்டு பேரும் விடிந்ததும் கோர்செட்டுக்குள் புகுந்து, படுக்கப் போகும்போதுதான் வெளியே வந்தார்கள். அவள் சேலைக்கு உள்ளேயும், அவர் சேர்ட்டுக்கு உள்ளேயும். அவளுக்கு நாடா இழுத்துக் கட்டுவதற்கென்றே தையற்காரி றுக்கியா தினமும் காலையில் வந்துபோனாள்.

"அந்த மாதுமையின்ர இடுப்பைப் பாத்தனீங்களா? ஒரு சாண்!" என்று கமலேஸ்வரி வாரத்தில் நாலு முறையாவது சொல்வாள்.

"நான் ஏன் அடுத்தவன்ர மனிசியின்ர இடுப்பைப் பாக்கிறன்?" என்பார் குலசிங்கம். ஆனால் பார்த்திருந்தார். அதைவிட அதிகமாக ஆனந்தராசாவின் முதுகைப் பார்த்திருந்தார். துறைமுகத்தில் அந்த முதுகு மட்டும்தான் கொடிக்கம்பம் போல நின்றது. தலைமைக் கிளாக்கர் பதவி காலியாக இருந்தது. தெரிவு செய்யப்போகும் கமாண்டர் துரை, நிமிர்ந்து நிற்கிறவர்களைக் கண்டால் மயங்குகிறவர்.

அதனால்தான் குலசிங்கம் இரகசியமாக றுக்கியாவிடம் போய், கூடாரத் துணியில் பிரம்பு வைத்துக் கமலேஸ்வரிக்கு ஒன்று தைப்பித்தார். அதற்குத்தான் இப்போது நாடா இல்லை.

"கிணத்துக் கயிறு இருக்கு," என்றார்.

"என்னை என்ன, வாளி எண்டு நினைச்சியளோ?"

ஆனாலும் கட்டினார்கள். மாதுமையின் இடுப்பு அவளை அப்படி உறுத்திக்கொண்டிருந்தது.

*

அடுத்த வீட்டில் நீளமான மேசை போட்டிருந்தார்கள். ஒரு தலைப்பில் ஆனந்தராசா, மறு தலைப்பில் மாதுமை. நடுவில் விருந்தாளிகள் இருவர். கமலேஸ்வரி கதிரையில் இருந்தாள் என்று சொல்ல முடியாது. கதிரையில் சாத்தி வைக்கப்பட்டிருந்தாள். தும்புக்கயிறு அவளைக் கடித்தது. சொறியக் கை போனால் பிரம்பு குத்தியது.

அந்த வீட்டில் ஒரு சத்தம் இல்லை. மாதுமை ஒரு சின்னக் கடதாசியில் என்னவோ எழுதி, வெள்ளித் தட்டில் வைத்து, குலசிங்கத்திடம் நீட்டினாள்.

"மிஸ்டர் ஆனந்தராசாவுக்கு. தயவு செய்து."

தட்டைக் கைமாற்றும்போது குலசிங்கம் கடைக்கண்ணால் வாசித்தார். 'மீசையில் பால்' என்று எழுதியிருந்தது.

ஆனந்தராசா வாசித்தார். மீசையைத் துடைத்தார். கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மாதுமை யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குலசிங்கம் தன் மீசையைத் தடவிக்கொண்டார். என்ன பண்பு! போன கிழமை இதே மீசையில் சோறு ஒட்டியிருந்ததைக் கமலேஸ்வரி காளி கோயில் வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"எப்பவும் இப்பிடித்தானோ?" என்று கேட்டார்.

"அந்தப் புத்தகத்தில அப்பிடித்தான் போட்டிருக்கு," என்றாள் மாதுமை மெல்லிய குரலில். "குடும்பம் எண்டால் குரல் வெளியில கேக்கக் கூடாது."

அப்போது 'படக்' என்று ஒரு சத்தம். கமலேஸ்வரியின் விலாவுக்குப் பக்கத்தில் பிரம்பு முறிந்திருந்தது. பிறகு இன்னொன்று. மூன்றாவது முறிந்தபோது அவள் "ஐயோ, அம்மா!" என்று எழும்பி, மேசைக்கால் உறையில் தடக்கி, தேநீர்க் கோப்பையை ஆனந்தராசாவின் மடியில் கவிழ்த்தாள்.

ஆனந்தராசா சுடுகாயத்தோடும் நிமிர்ந்தே இருந்தார். "பிரம்பு சரிவராது மிஸ்டர் குலசிங்கம்," என்றார். "எங்கடை திமிங்கில எலும்பு. வளையும், முறியாது."

*

அடுத்த நாளே குலசிங்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு சல்லி மீன்பிடிக் கிராமத்துக்குப் போனார்.

"திமிங்கிலமோ?" என்று கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் சிரித்தார். "நாங்கள் அதைப் பிடிக்கிறேல்லை ஐயா. அது எங்களைப் பிடிக்காட்டில் காணும். வளையவேணும், முறியக் கூடாது, அவ்வளவுதானே? திருக்கை வால் இருக்கு. கொண்டு போங்கோ."

உப்பிட்டுக் காயவைத்த எட்டுத் திருக்கை வால்கள். றுக்கியா மூக்கைப் பொத்திக்கொண்டு தைத்தாள்.

"கிளாக்கர், இது மணக்குமே," என்றாள்.

"காஞ்சு போச்சு றாத்தா. இனி மணக்காது."

காய்ந்த வால் மணக்கவில்லைதான். வெள்ளிக்கிழமை கமலேஸ்வரி அதைக் கட்டிக்கொண்டு வெயிலில் காளி கோயிலுக்கு நடந்தாள். வழியில் பாதி தூரம் போனதும் வியர்த்தது. வியர்வையில் வால் ஊறியது.

முதலில் ஒரு பூனை வந்தது. கடைத்தெருவைத் தாண்டும்போது ஆறு. கோயில் வாசலுக்குப் போனபோது பதினொன்று. அவள் நின்றால் அவை நின்றன, நடந்தால் நடந்தன. மேலே காகங்கள் வேறு. அர்ச்சனைத் தட்டோடு எதிரே வந்த மாதுமை, கமலேஸ்வரியையும் பின்னால் வந்த ஊர்வலத்தையும் பார்த்தாள். மெல்லத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்த கமலேஸ்வரி போட்ட சத்தம் உவர்மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

"தலையை ஆட்டினவள்! ஒரு வார்த்தை சொல்லிச் சிரிச்சிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரியாது! நீங்கள் ஒரு மனிசனே? பெண்சாதிக்குக் கருவாடு கட்டி விட்ட மனிசர் இந்த உலகத்தில ஆர் இருக்கினம்?"

"மெல்லக் கதையும். அடுத்த வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்!"

"அங்க பாரும், எவ்வளவு அமைதியா இருக்கினம் எண்டு."

"அப்ப அங்கேயே போய் இருங்கோவன்!"

*

குலசிங்கம் மனம் தளரவில்லை. களஞ்சியத்தின் பின்பக்கம், சாமான் பெட்டிகளைக் கட்டிவரும் மெல்லிய இரும்புப் பட்டிகள் குவியலாகக் கிடந்தன. வளையும். முறியாது. மணக்காது. யாரும் தேடவும் மாட்டார்கள். எட்டுப் பட்டிகளைக் காற்சட்டைக்குள் சொருகி, முழங்கால் மடங்காமல் நடந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"நான் கட்டமாட்டன்," என்றாள் கமலேஸ்வரி. "செத்தாலும் கட்டமாட்டன்."

"உமக்கில்லை. எனக்கு."

றுக்கியா வந்து அளவெடுத்தாள்.

புதன்கிழமை குலசிங்கம் அதைச் சேர்ட்டுக்குள் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். குனிய முடியவில்லை. விழுந்த பேனையைக் காலால் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் வைத்து ஏற்றப் பார்த்தார். ஆனால் பதினொரு மணிக்குக் கமாண்டர் துரை அந்தப் பக்கம் வந்து நின்று, அவரை மேலும் கீழும் பார்த்து, "மிக நன்று" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். ஆனந்தராசாவின் முகம் கறுத்தது. குலசிங்கத்துக்கு அன்று மத்தியானம் சாப்பாடே தேவைப்படவில்லை. கட்டிய கட்டில் சாப்பிடவும் இடமில்லை.

மாலையில் வாசலில் புதுக் காவலன். போகிற ஒவ்வொருவரையும் தடியால் தட்டிப் பார்த்தான். குலசிங்கத்தைத் தட்டினான்.

'டங்' என்றது.

காவலன் இன்னொருமுறை தட்டினான். மறுபடியும் 'டங்'. அவன் விசில் ஊதினான். நாலு பேர் துவக்கோடு ஓடி வந்தார்கள்.

காவலறையில் குலசிங்கத்தின் சேர்ட்டைக் கழற்றினார்கள். ஒவ்வொரு இரும்புப் பட்டியிலும் கடற்படையின் அம்பு முத்திரை பளிச்சென்று தெரிந்தது. இது ஒற்றர் கருவி என்றான் ஒருவன். வெடித்தாலும் வெடிக்கும் என்று இன்னொருவன் பின்னால் போனான். கமாண்டர் துரை வந்தார். அடையாளம் சொல்ல ஆனந்தராசாவைக் கூப்பிட்டார்கள்.

"இந்த ஆளைத் தெரியுமா?"

"ஆளைத் தெரியும் சேர்," என்றார் ஆனந்தராசா. "இப்படியான காரியங்கள் செய்வாரென்று தெரியாது."

எட்டு வருடம் ஒன்றாக வேலை செய்தவன். குலசிங்கத்துக்குள் இவ்வளவு காலமும் புகைந்துகொண்டிருந்தது அந்தக் கணத்தில் பற்றி எரிந்தது.

"சேர்! இவரும் போட்டிருக்கிறார்! ஒவ்வொரு நாளும்! கழட்டிப் பாருங்கோ!"

கழற்றிப் பார்த்தார்கள். இளநீலப் பட்டு. ஓரத்தில் பூவேலை. முன்பக்கம் பதினாறு கொக்கி.

 கமாண்டர் துரை கிட்டப் போய்ப் பூவேலையைத் தொட்டுப் பார்த்தார்.

"இதே மாதிரி ஒன்றை என் பாட்டி போட்டிருந்தார்," என்றார். "அவர் செத்து இருபது வருடமாகிறது."

பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் ஒரு மாதத்துக்குத் துருப்பிடித்த ஆணிகளைப் பொறுக்கித் தெரியும் வேலைக்கு அனுப்பினார். தலைமைக் கிளாக்கர் பதவியை இன்னொரு கிளாக்கரான இரத்தினசிங்கத்துக்குக் கொடுத்தார். இரத்தினசிங்கத்தின் தொப்பை அறைக்குள் முதலில் வரும், ஆள் பிறகு வருவார். நிற்கும்போதெல்லாம் எதிலாவது சாய்ந்துதான் நிற்பார். ஆனால் உள்ளே ஒன்றும் கட்டியிருக்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

*

கமலேஸ்வரி கதையைக் கேட்டுப் பத்து நிமிடம் கத்தினாள். குலசிங்கமும் திருப்பிக் கத்தினார். பதினோராவது நிமிடம் 'டங்' என்ற இடத்துக்கு வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். அவருடைய விலாவில் பட்டி வெட்டிய இடங்களுக்கு நல்லெண்ணெய் பூசிக்கொண்டே, "ஆணி தெரிய நானும் வரட்டோ?" என்றாள். மிச்சத் துணியைக் கொடுக்க வந்த றுக்கியாவும் வாசற்படியில் நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள்.

குலசிங்கத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வேலிக்கு அப்பால் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை.

"பாரும்," என்றார் பெருமூச்சோடு. "அவனுக்கும் பதவி போச்சு. அவனுக்கும் மானம் போச்சு. அந்த மனிசி ஒரு சொல்லு உயத்திச் சொல்லேல்லை. உதுதான் பெண்சாதி. உதுதான் குடும்பம். எங்கடை சத்தத்தைக் கேட்டு எங்களைப் பற்றி என்ன நினைக்கினமோ."

"அதெண்டா மெய்தான் கிளாக்கர்," என்றாள் றுக்கியா. "விடிய நான் நாடா இழுக்கப் போனா அந்தப் புள்ள முதல்ல கேக்கிறதே, நேத்து உங்கட வீட்டில என்ன சண்டை எண்டுதான். ஒரு சொல்லு விடாமச் சொல்ல வேணும்."

கமலேஸ்வரியின் சிரிப்பு நின்றது. "எங்களை வைச்சுச் சிரிக்கவோ?"

"சிரிக்கவா? பொறாமையில கேக்கிற புள்ள," என்றாள் றுக்கியா. "ஜப்பான்காரன் குண்டு போட்ட அண்டைக்கு அவ கிணத்தடியில நிக்கக்குள்ள, அந்த மனிசன் அவவ விட்டுட்டுத் தனிய ஓடிப் போய்க் குழிக்குள்ள ஒளிச்சவரு, அண்டையில இருந்து இண்டு வரைக்கும் அவங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசினதில்ல."