கொம்பியூட்டருக்கு ஏடு தொடக்கிய கதை

உலகத்திலேயே ஆபத்தான ஆள், நேற்றுக் கற்றுக்கொண்டதை இன்றைக்குப் படிப்பிக்கக் கிளம்புகிறவன்தான். அப்படிக் கிளம்பியவன் நான். (கையில் சான்றிதழ், கழுத்தில் அண்ணனின் டை.)

யுத்த காலம். கொழும்பில், வெள்ளவத்தைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நாலு கொம்பியூட்டர் வந்திருந்தன. ஆசிரியைகளுக்குப் பழக்க என்னை அனுப்பினார்கள். விஜயதசமியன்று கல்வி அதிகாரி வருவார். ஒரு டீச்சராவது அவர் முன்னால் கடிதம் தட்டிக் காட்டாவிட்டால் நாலையும் வேறு பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிடுவார்.

கரும்பலகையில் கீபோர்ட்டைக் கீறிக் காட்டினேன். அப்படியே மனப்பாடம் செய்தார்கள். தொட மட்டும் மாட்டார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஸ்ரெல்லா டீச்சர், சோதனைச் சாவடியில் ஆமிக்காரனோடு சிங்களத்தில் வாய்காட்டக்கூடியவர். மௌஸைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பழுதாப் போனா ஆர் தம்பி பொறுப்பு?" என்றார், ஓய்வுபெறக் காத்திருந்த மகேஸ்வரி டீச்சர்.

என் மூளை வேலை செய்தது. (லீவில் இருந்திருக்கலாம்.) பிள்ளைகளுக்குப் போல டீச்சர்மாருக்கும் ஏடு தொடக்கினால் பயம் போய்விடுமே! விஜயதசமி காலை, கீபோர்ட்டுக்குப் பக்கத்தில் தட்டில் பச்சையரிசி பரப்பினேன். ஒவ்வொருவராக அரிசியில் விரலால் 'அ' எழுதி, அதே விரலால் 'அ' விசையை அழுத்தினார்கள். ஸ்ரெல்லா டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டு அழுத்தினார். கைதட்டல், கற்கண்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதிகாரி வந்தார். 'அன்புள்ள' என்று தொடங்க மகேஸ்வரி டீச்சர் ஒரு தட்டுத் தட்டினார். அ. அஅ. அஅஅஅஅஅ. விரலை எடுத்தும் நிற்கவில்லை. திரை நிரம்பி அடுத்த பக்கத்துக்கும் ஓடியது.

பதறிப்போய்க் கீபோர்ட்டைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன். அரிசி பொலபொலவென்று அதிகாரியின் சப்பாத்தில் கொட்டியது.

"தம்பி, இது கொம்பியூட்டரோ, பொங்கல் பானையோ?" என்றார் அவர்.

நாலும் லொறியில் ஏறுவது கண்ணில் தெரிந்தது. அப்போது ஸ்ரெல்லா டீச்சர் சிரித்தார். அது எல்லோருக்கும் தொற்றியது.

"தள்ளும் தம்பி" என்று மகேஸ்வரி டீச்சர் கொண்டை ஊசியால் விசையைக் கிண்டி மிச்ச அரிசியை எடுத்தார். "பழுதாக்கிறதை நீரே பழுதாக்கிப் போட்டீர். இனி எங்களுக்கென்ன பயம்?"

கடிதம் முழுவதையும் தட்டி முடித்தார். மற்றவர்கள் அடுத்த இடத்துக்குச் சண்டை பிடித்தார்கள். அதிகாரி சப்பாத்தை உதறிக்கொண்டு தலையாட்டினார். நாலும் பள்ளிக்கூடத்திலேயே தங்கின.

அந்தச் சிரிப்பை மறுபடி கேட்பதற்காகவே நான் கொட்டாஞ்சேனை பஸ் ஏறத் தொடங்கினேன். இப்போது தினமும் வீட்டிலேயே கேட்கிறேன். நேற்று மகள் புது லாப்டொப் வாங்கி வந்தாள். ஆசையாகக் கையை நீட்டினேன். குசினியிலிருந்து ஸ்ரெல்லாவின் குரல் வந்தது:

"பிள்ளை, அப்பாவைக் கிட்ட விடாத! நான் முதல் அரிசி வாளியை மூடிப்போட்டு வாறன்!"