எலிக்கு அனுப்பிய பன்

செங்கல்பட்டுத் தாலுக்கா முழுக்கத் தேடினாலும், எலியிடம் மன்னிப்புக் கேட்ட மனிதர் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் ரொட்டிக்கடை எலி பாய். அவருக்கு வாப்பா வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. அது அவர் வீட்டிலேயே பாதிப் பேருக்கு மறந்துபோயிருக்கும்.

பிள்ளைகளே, இது அணாக்காசு ஓடிக்கொண்டிருந்த ஐம்பதுகளில் நடந்தது. நான் பாய் கடையில் சரக்குப் போடும் ஆள். ஒன்றுவிட்டு ஒருநாள் காலையில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போவேன். அங்கே டீக்கடைகளுக்கு ரொட்டி, பன், டீயில் தோய்த்துத் தின்கிற மொறுமொறு பொறை எல்லாம் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். பாய்க்கு என்னைவிட நாலு வயதுதான் கூட இருக்கும். ஆனால் புருவம் வரைக்கும் மாவு அப்பியிருப்பதால் கிழவர் மாதிரித் தெரிவார்.

மாவு இருக்கிற இடத்தில் எலி இருக்கும். மற்ற கடைகளில் பாஷாணம் வைத்தார்கள். பாய் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார். சரி, ஒரு பூனையாவது வளருங்களேன் என்று நான் சொன்னேன்.

"அது கொலைக்கு ஆள் வெக்கிற மாதிரி நைனா" என்றார்.

அதனால் பாய் மாவையெல்லாம் தகர டின்னில் போட்டு மூடினார். ஒரு வாரம் உட்கார்ந்து கடையிலிருந்த ஓட்டையெல்லாம் செங்கல் துண்டும் சுண்ணாம்பும் வைத்து அடைத்தார். நல்ல வேலைதான். ஆனால் எலிகள் கூண்டோடு குடிபெயர்ந்து பக்கத்து அரிசி மண்டிக்குப் போய்விட்டன. மண்டி முதலியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார். உன் எலியை நீ கூப்பிட்டுக்கொள் என்றார்.

"என் எலின்னு எப்டி சொல்றீங்க மொதலியாரே? கையெழுத்தா போட்டு வெச்சுகீறேன்?" என்று பாய் நிதானமாகக் கேட்டார்.

முதலியார் போனதும் அந்தக் கேள்வி பாயையே குடைய ஆரம்பித்துவிட்டது. கூண்டு ஒன்று வாங்கினார். அதற்குப் பிறகு பிடிபட்ட எலிக்கெல்லாம் வாலில் சலவை நீலத்தைத் தடவி, கொளவாய் ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டார். விடுவதற்கு முன்னால் கூண்டுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, "கோச்சுக்காதபா. இது நாலு பேரு துன்ற எடம். உன்னிய வெச்சுக்க முடியல, மன்னிச்சுக்க" என்பார். நாலாம் நாள் நீல வாலோடு ஒரு எலி கடைக்குள் நடந்து வந்தது. அடைத்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே புதிதாக ஓட்டை போட்டிருந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பாய்க்கு ஒரே பெருமை. "ஏரி மீன் கீது, வயலு கீது. எல்லாத்தையும் வுட்டுட்டு நம்ம ரொட்டிக்கு வந்துகீது பாரு" என்றார்.

ஏரிக்கரை ரொம்பக் கிட்ட, மாமல்லபுரம்தான் தூரம் என்று முடிவாயிற்று. அந்த வேலை என் தலையில் விழுந்தது.

ஒரு பிஸ்கட் டின்னின் மூடியில் ஆணியால் காற்றுக்கு ஓட்டை போட்டு, உள்ளே கந்தல் துணி பரப்பி, வழிக்கு ஒரு பொறையும் வைத்து, நீல வாலை அதில் ஏற்றினார் பாய். அது சித்திரை மாதம். "மடியிலயே வெச்சுக்க நைனா. மேல போட்டுடாத, தகரம் சுடும்" என்று இரண்டு தரம் சொன்னார்.

திருக்கழுக்குன்றம் வரைக்கும் மடியில்தான் வைத்திருந்தேன். அங்கே ஏறிய ஒரு அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். டின்னுக்குள் எலி கீச்சென்றது. அம்மாள் சீட்டின் மேலேயே ஏறி நின்றுவிட்டாள். கண்டக்டர் வந்தார். "இன்னாபா உள்ள, உன் சம்சாரமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. டின்னைக் கொண்டுபோய்ப் பஸ்ஸின் மேலே, ரொட்டிக் கூடையோடு போட்டுவிட்டு வந்தேன்.

மாமல்லபுரத்தில் இறக்கியபோது தகரத்தைத் தொட முடியவில்லை. சவுக்குத் தோப்புக்குப் போய்த் திறந்து பார்த்தேன். எலி கந்தல் துணிக்குள் முகத்தை வைத்துக் கிடந்தது. மணலைத் தோண்டிப் புதைத்தேன். புதைக்கும்போதே, பாயிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

டின்னைக் கடையில் வைத்துவிட்டு, எலி அம்பு மாதிரித் தோப்புக்குள் ஓடிற்று என்றேன். பாய் முகம் மலர்ந்தமாதிரிதான் இருந்தது. அடுத்த நடைக்கு, எலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். சவுக்கு மரத்தடியில் வளை தோண்டிவிட்டது என்றேன். அதற்கடுத்த நடைக்கு, மீன்காரம்மா ஒருத்தி அதற்குக் கருவாடு போடுகிறாள் என்றேன். பொய்க்குக் கைகால் முளைத்தால் அதுவே நடக்க ஆரம்பித்துவிடுகிறது.

"கருவாடா? உப்பு ஆவாதே அதுக்கு" என்று பாய் கவலைப்பட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நடைக்கும், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த பன் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எலிக்கென்று தனியாகக் கொடுத்து அனுப்பினார். நான் கடற்கரையில் உட்கார்ந்து அதைத் தின்றேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நன்றாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கூண்டில் இன்னொரு எலி விழுந்தது. இது அதனுடைய ஜோடி என்று பாய் அடித்துச் சொன்னார். ஜோடியைப் பிரித்து வைக்கக் கூடாது, அதே மரத்தடியில் விடவேண்டும் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடையைப் பூட்டிவிட்டு, கூண்டை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். வழி முழுக்கத் துண்டால் கூண்டுக்கு நிழல் பிடித்துக்கொண்டே வந்தார். அதே கண்டக்டர் வந்து கேலி செய்தார். பாய் அவருக்கு ஒரு பொறை கொடுத்தார்.

எந்த மரம் என்று கேட்டார். வாய்க்கு வந்த மரத்தைக் காட்டினேன். பாய் கூண்டைத் திறந்தார். எலி வெளியே வந்து மணலை முகர்ந்தது. இந்தப் பக்கம் ஓடிற்று, அந்தப் பக்கம் ஓடிற்று. பிறகு திரும்பி வந்து கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

பாய் நிழல் பிடித்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"டின்ன நீ திருப்பிக் குடுத்தப்ப பொறை முழுசா இருந்துச்சு நைனா" என்றார். "அவ்ளோ தூரம் வந்த எலி ஒரு கடி கூடக் கடிக்கலன்னா இன்னா அர்த்தம்?"

அன்றைக்கே தெரியுமா பாய் என்றேன். தெரியும் என்று தலையை ஆட்டினார்.

"பின்ன எதுக்கு பாய் நடைக்கு நடை பன் குடுத்து அனுப்ச்சீங்க?"

"காலீல வவுத்துக்கு ஒண்ணும் போடாம பஸ் ஏறிடுவ நீ. கேட்டா, துன்னாச்சு பாய்னுவ." கூண்டின் கதவைச் சாத்தினார். "எலிக்கு எதுக்குபா அவ்ளோ பெரிய பன்னு?"

அந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எலியிடமே கேட்கிறவர், மனிதன் கேட்டால் மாட்டேன் என்றா சொல்லியிருப்பார்? ஆனால் நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். பாய் அந்த எலியைத் திரும்பக் கடைக்கே கொண்டுவந்து, கூண்டைத் திறந்தே வைத்து, அது சாகும்வரை சோறு போட்டார். என்னிடம் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. பன் மட்டும் நிற்கவில்லை.

மறு வருஷம் பாய் கடையை மூடிவிட்டு, சம்சாரத்தின் ஊருக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளவும் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக் கூண்டில் எலி விழுந்தால், நான்தான் பஸ் ஏறி மாமல்லபுரத்துச் சவுக்குத் தோப்புக்குக் கொண்டுபோகிறேன். போகிற வழியில் அதனிடம் நாலு வார்த்தை சொல்கிறேன். பாயிடம் சொல்லவேண்டிய வார்த்தைகள்தான். பஸ்ஸில் யார் சிரித்தாலும் சரி, கூண்டு என் மடியில்தான் இருக்கும்.