முதலை மடுவுக்கு நுழைவுத் தேர்வு

பிள்ளை பாஸாகிவிட்டதே என்று வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடிய தாயை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? ஒரு காட்டில் அப்படி ஒருத்தி இருந்தாள். காட்டுப்பன்றி. அந்த ஈற்றில் அவளுக்குத் தங்கியது ஒரே மகள், பெயர் பொட்டு.

அந்தக் காட்டில் ஓர் ஆறு ஓடியது. கோடையில் ஆறு வற்றிவிடும். மணலைத் தோண்டினால் ஊற்றுத் தண்ணீர் வரும், கலங்கலாக இருந்தாலும் தாகம் தீரும். ஆற்று வளைவில் மட்டும் ஆழமான ஒரு மடு இருந்தது. எந்தக் கோடையிலும் வற்றாது. ஆனால் அதற்குள் முதலை இருப்பது தெரிந்த பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. முதலைக்கு வயிறு முதுகோடு ஒட்டிப்போனது.

"வாங்க, வாங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தது. ஒரு நண்டுகூட வரவில்லை. பிறகு நன்றாக யோசித்து, கரையில் ஒரு பலகை நட்டது. 'மடுவில் எல்லோருக்கும் இடம் கிடையாது. நுழைவுத் தேர்வில் தேறியவர்களுக்கு மட்டுமே.'

அவ்வளவுதான். மறுநாள் விடிவதற்குள் காடே வரிசையில் நின்றது. வரிசையின் முதலில் நின்றவள் மானக்கா. அவளை இடித்துக்கொண்டு நின்றவள் நம்ம பன்றியக்கா.

"ஏன் அக்கா, அதுக்குள்ள முதலை இருக்கேன்னு..." என்று யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள்.

"இருந்தா என்ன? சும்மாவா பரீட்சை வைப்பாங்க?" என்றாள் பன்றியக்கா.

பரீட்சை என்றால் பயிற்சி வகுப்பு வேண்டுமே. பெருச்சாளி தன் வளையைக் கொஞ்சம் அகலப்படுத்தி வகுப்புத் தொடங்கியது. மற்ற பாடமெல்லாம் மனப்பாடம் பண்ணிவிடலாம், அறிவியல்தான் உதைத்தது. யாரோ ஒரு சோதனை செய்து, வந்ததை ஓர் அட்டவணையாகப் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும்.

"கண்ணுங்களா, இதைப் பாருங்க" என்றது பெருச்சாளி. "மயில் ஆடின நாளெல்லாம் மழை பெஞ்சிருக்கு. ஆடாத நாள்ல பெய்யல. அப்ப மழை வேணும்னா என்ன செய்யணும்?"

"மயிலை ஆட வைக்கணும் சார்!" என்று எல்லாக் குட்டிகளும் கத்தின. மயில் குஞ்சு அன்றோடு வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டது.

பொட்டு மட்டும் எழுந்து நின்றது. "மழை வரப்போகுதுன்னு தெரிஞ்சுதானே சார் மயில் ஆடுது?"

"அட்டவணையில அப்படிப் போட்டிருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப அது சிலபஸ்லயே இல்ல. உக்காரு."

பெருச்சாளி அன்று மாலையே பன்றியக்காவைக் கூப்பிட்டு அனுப்பியது. "பொண்ணு புத்திசாலிதாம்மா. ஆனா யோசிக்குது. இப்பவே கண்டிச்சு வையுங்க."

பன்றியக்கா கண்டித்தாள். காதைப் பிடித்துத் திருகியே கண்டித்தாள்.

தேர்வு நாள் வந்தது. தேக்கிலையில் கேள்வித்தாள். தொட்டு எழுத நாவற்பழச் சாறு. சரியான விடைக்கு எதிரே உள்ள வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். தேர்வதிகாரி கொக்கு ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கண்காணித்தது. மணி அடித்ததும் வரையாடு கேள்வித்தாளைத் தின்றுவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு, "முதல் பக்கம் சுலபமாத்தான் இருந்துச்சு, ரெண்டாவது பக்கம் கொஞ்சம் கடினம்" என்றது.

கடைசிக் கேள்வி இது:

சோதனை: மடுவில் விலங்குகள் இறங்கின. பிறகு அவற்றிடம் குறைகள் கேட்கப்பட்டன.
இறங்கியவை: ஏராளம். குறை சொன்னவை: ஒன்றுமில்லை.
இதிலிருந்து நீ அறிவது என்ன?
அ) மடு மிகவும் திருப்தியாக உள்ளது.
ஆ) மடு ஓரளவு திருப்தியாக உள்ளது.
இ) மடுவைப் புகழ வார்த்தையே இல்லை.
ஈ) இந்தத் தரவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பொட்டு முன்னங்காலைத் தூக்கியது. "ஐயா, கரையேறி வந்தவங்க எத்தனை பேருன்னு ஒரு கட்டம் விட்டுப்போச்சு."

கொக்கு ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "ஒண்ணும் விட்டுப்போகல. இருக்கறதுக்கு விடை எழுதும்மா."

பொட்டு 'ஈ' வட்டத்தைக் கறுப்பாக்கியது. அந்த ஒரு மதிப்பெண்ணில் கோட்டைவிட்டது.

மானக்கா மகன் புள்ளிராசு காட்டிலேயே முதலிடம். காக்கைகள் ஊர்வலம் போயின. கழுத்தில் காட்டு மல்லி மாலையோடு அவனும் தேறிய மற்ற குட்டிகளும் மடுவில் இறங்கினார்கள். கரையில் நின்று எல்லோரும் கை தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மாலை மட்டும் மிதந்தது. "பாருங்க, உள்ளே போனதும் ஆடம்பரத்தையெல்லாம் கழட்டிப் போட்டுட்டான், என்ன அடக்கம்!" என்று பெருச்சாளி மெச்சியது.

பன்றியக்காவுக்கு வயிறு எரிந்தது.

"அந்தப் புள்ளிராசு மூஞ்சியைப் பாரு, எப்படிப் பாஸ் பண்ணிக் காட்டினான்! உனக்கு மட்டும் ஏண்டி இப்படி?"

"அவன் மூஞ்சியை எங்கேம்மா பாக்கறது? போனவன் வரவே இல்லையே."

"அங்க சௌகரியமா இருக்கான், ஏன் வரப்போறான்? உன்னை மாதிரி மணலையா நோண்டிக்கிட்டு இருப்பான்?" என்று சொல்லிக்கொண்டே, பொட்டு நோண்டிய ஊற்றில் பன்றியக்கா தண்ணீர் குடித்தாள்.

குடித்த தெம்பில் தாய்மார்களைத் திரட்டினாள். கொக்கை முற்றுகையிட்டார்கள். "கடைசிக் கேள்வி குழப்பம்! கருணை மதிப்பெண் கொடு!" பன்றியக்காவின் குரல் மலைக்கு அந்தப்பக்கம் வரை கேட்டது.

சத்தம் கேட்டு முதலையே கரைக்கு வந்தது. தாய்மார்களைப் பார்த்து அதற்குக் கண்ணீர் வந்துவிட்டது. "அழாதீங்கம்மா. ஒரு மார்க்குக்காகவா குழந்தைங்க எதிர்காலம் வீணாகணும்? கருணை மதிப்பெண் என்ன, எழுதின எல்லாருமே பாஸ். நாளைக்கே அனுப்பிடுங்க" என்றது. கேள்வித்தாளைத் தின்ற வரையாடும் பாஸ்.

பன்றியக்காவுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகும் நின்று, புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிற எல்லாத் தாயும் கேட்பதை அவளும் கேட்டாள்.

"ஐயா, பொட்டு வரும்போது கூட என்ன கொடுத்து விடணும்? கிழங்கு, கோரை, ஏதாச்சும்?"

"ஒண்ணும் வேண்டாம்மா."

"படுக்க இலை, தழை?"

"தேவைப்படாது. வந்தாப் போதும். ஆனா ஒண்ணு" என்று முதலை பல்லை நாக்கால் துழாவியது. "சேறு, மண்ணு இல்லாம நல்லாத் தேய்ச்சுக் கழுவி அனுப்புங்க. வால் முடியை முடிஞ்சா எடுத்துடுங்க."

பன்றியக்கா சரி என்று தலையாட்டிவிட்டு இரண்டு அடி நடந்தாள். பிறகு நின்றாள். எதை எதற்காகத் தேய்த்துக் கழுவுவோம், எதில் முடியையும் நரம்பையும் எடுப்போம் என்பது சமையல் செய்கிறவளுக்குத் தெரியாதா?

கரையோரம் மானக்கா நின்றிருந்தாள். பன்றியக்கா அவள் பக்கம் போய் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, புள்ளிராசு ஒரு தடவையாச்சும் வந்தானா?"

"இல்லடி. நல்லா இருக்கான்."

"யாரு சொன்னா?"

"குறைன்னு ஒண்ணும் வரலையே. அப்ப நல்லாத்தானே இருக்கணும்? அதான் விடைன்னு கொக்கு ஐயாவே சொன்னாரு." சொல்லும்போது மானக்காவின் இரண்டு காதும் தண்ணீர்ப் பக்கமே திரும்பியிருந்தன. "வேற எதையும் எங்கிட்டக் கேக்காத, தங்கச்சி."

அப்போதுதான் பன்றியக்கா வயிற்றில் அடித்துக்கொண்டு கொக்கிடம் ஓடினாள்.

"ஐயா, எம்பொண்ணுக்கு இடம் வேண்டாம்!"

"அது முடியாது. தேறினவங்க சேர்ந்தே ஆகணும். வரலைன்னா முதலையாரே வீட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போவாரு. உங்களுக்கு ஏன் சிரமம்?"

"சரி, அவ பாஸே ஆகலைன்னு போட்டுடுங்க."

"கருணை மதிப்பெண் கேட்டு என் சிறகைப் பிடிச்சு உலுக்கினது நீங்கதானேம்மா?"

பன்றியக்கா மூச்சு வாங்கினாள். உண்மையைச் சொன்னால் நிரூபி என்பார்கள், நிரூபிக்க மடுவில்தான் இறங்க வேண்டும். நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா, எம்பொண்ணு காப்பியடிச்சா."

கொக்கு தூக்கி வைத்திருந்த காலையும் கீழே வைத்துவிட்டது. "என்னது! யாரைப் பார்த்து?"

"பக்கத்துல இருந்த புள்ளிராசுவைப் பார்த்து."

"அவன் 'அ' போட்டிருக்கான். உம்பொண்ணு 'ஈ' போட்டிருக்கு. தரவு ஒத்து வரலையே?"

"பார்த்து எழுதியும் தப்பா எழுதியிருக்காளே, எவ்வளவு மட்டமான காப்பின்னு பாருங்க! இப்பேர்ப்பட்டவளை மடுவுல விட்டா மடுவோட பேரு என்ன ஆகறது? நாளைக்கே கரையேறி வந்து குறை சொன்னாலும் சொல்லுவா."

'குறை' என்றதும் கொக்குக்கு இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. இத்தனை காலத்தில் அந்தக் கட்டத்தில் ஒன்றுகூட விழுந்ததில்லை. ஒன்று விழுந்தால் முதலை முதலில் யாரைப் பார்க்கும் என்பதும் அதற்குத் தெரியும். உடனே நாவற்பழச் சாற்றில் அலகைத் தோய்த்தது.

"ஒழுக்கக்கேடு! பொட்டுவோட இடம் ரத்து. இந்த வருஷம் முழுக்க அது தேர்வெழுதவே தடை."

அம்மாவைத் தேடி வந்து மரத்துக்குப் பின்னால் நின்ற பொட்டு, "அம்மா, நான் யாரைப் பார்த்தும் எழுதல" என்று அழ ஆரம்பித்தது. பன்றியக்கா மகளின் வாயைப் பொத்தி ஓரமாகத் தள்ளிவிட்டு, கொக்கின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"ஐயா, கொஞ்சம் பெரிய மனசு பண்ணி, தடையை ஆயுசுக்கும் போட்டுக் கொடுங்க."

நீதி: எந்த நுழைவுத் தேர்வையும் எழுதும் முன், அதில் தேறிய ஒருவரையாவது நேரில் பார்த்துப் பேசிவிட்டு வரவும். அப்படி ஒருவரும் அகப்படவில்லை என்றால் தயங்காமல் காப்பியடிக்கவும்.