அட்டையிலிருந்து 'பயங்கர' என்ற சொல்லை எடுப்பது பற்றி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு நானும் உன் அக்காவும் மகளும் அட்டவணைப்படி நலமாக இருக்கிறோம். உன் வீட்டிலும் பதிப்பகத்திலும் அனைவரும் அவ்வாறே இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நிற்க. மூன்று வருடம் முதுகு ஒடிய நான் எழுதிய நாவலின் அட்டையில் 'ஒரு பயங்கர உலகம்' என்று யாரைக் கேட்டுப் போட்டாய்? நான் எழுதியது பொன்னுலகம். அந்த ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுகிறார்கள், ஒரே நிறத்தில் உடுத்துகிறார்கள், எங்கே போகிறோம் என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுகிறார்கள். சண்டை சச்சரவே கிடையாது. ஆனால் வாசகி ஒருவர், கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி திரும்பும் நேரத்தை எழுதாமல் கிளம்பிப் போகும் இடத்தில் கைதட்டினாராம். நல்ல ஊரை விட்டு ஒரு பெண் போகிறாளே என்று நான் அழுதுகொண்டே எழுதிய இடம் அது, மாப்பிள்ளை.

இது வெறும் கற்பனையும் இல்லை. தலைமை எழுத்தர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே அத்தனை விதிகளையும் வீட்டில் கொண்டுவந்துவிட்டேன். சாப்பாட்டுக்கு மணி, மூவருக்கும் சாம்பல் நிற உடை, வாசல் கதவில் நூல் கட்டிய பேனாவோடு ஒரு நோட்டு. முதல் வாரம் உன் அக்கா, "ஏங்க, மாடியில துணி காயப்போடுறதுக்கும் எழுதணுமா?" என்று கேட்டாள். எழுதணும் என்றேன். காலேஜ் படிக்கும் மகள், "அப்பா, சிரிக்கணும்னா எந்தக் கட்டத்துல எழுதணும்?" என்றாள். எவ்வளவு ஈடுபாடு பார். புகார்ப் பெட்டிகூட வைத்திருக்கிறேன். மூன்று மாதமாக ஒரு புகார் இல்லை. சாவி என்னிடம்தான் இருக்கிறது. நேற்று உன் அக்கா என் நாவலை ஒரே மூச்சில் படித்து முடித்து, "நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆகவே இரண்டாம் பதிப்பில் 'பொன்னுலகம்' என்று போடவும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

உனக்கும் உன் வீட்டாருக்கும் என் ஆசிகள், காலை மாலை இருவேளையும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: தபாலில் போடக் கிளம்பியபோது நோட்டைப் பார்த்தேன். உன் அக்காவின் கையெழுத்து. எங்கே: தம்பி வீடு. எதற்கு: கடைசி அத்தியாயம். திரும்பும் நேரம்: காலி. அதற்குக் கீழே மகள் 'மேற்படி' என்று எழுதியிருக்கிறாள். வீட்டில் நான் விரும்பிய அதே அமைதி. எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. அட்டை அப்படியே இருக்கட்டும். நோட்டைக் கிழித்துவிட்டேன். வேறு இடம் இல்லாததால் இதிலேயே எழுதி, நானே எடுத்து வருகிறேன். எங்கே: உன் வீடு. எதற்கு: மன்னிப்பு. திரும்பும் நேரம்: உன் அக்கா சொல்வது.