எட்டு இதழ் எஃபிரா

தொட்டியைக் கவிழ்த்து, வினிகர் ஊற்றித் தேய்த்த பிறகுதான், அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டு பெரினாவின் கண்ணில் பட்டது. ‘எஃபிரா – நாற்பது.’

ஊர்ப் புனிதரின் திருநாளுக்கு முதல் நாள், வினிகர் படாத கண்ணாடி ஒன்று மிச்சமிருந்தாலும் அந்தக் கடற்கரை ஊரில் வருஷம் முழுக்கப் பேசுவார்கள். மீன்காட்சியகத்தில் அந்தப் பேச்சு வராமல் இருபத்திரண்டு வருஷம் காத்தவள் பெரினா.

நுழைவுச்சீட்டு கொடுக்கும் ஷிமே குறுக்கெழுத்துப் பைத்தியம். அவனிடம் ஓடினாள்.

“டேய், எஃபிரான்னா என்னடா?”

“ஜெல்லிமீன் குஞ்சுக்கா. நகத்தளவுதான். கண்ணாடி மாதிரி, எட்டு இதழ். தண்ணியில இருந்தா தெரியவே தெரியாது. ஏன்?”

“நாப்பதையும் சாக்கடையில ஊத்திட்டேன்டா!”

“ஐயோ, பத்து மணிக்கு நிதி குடுக்கிற குழு வர்றதே அதைப் பார்க்கத்தான்! நட்சத்திரமீனைக் கீழ போட்டவனையே நம்ம டைரக்டர் டாக்டர் அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாரு.”

பெரினா ஓய்வு பெற நாலே மாதம். பாவம், ஷிமேயின் கையைப் பிடித்துத் தொட்டிக்கு இழுத்துப் போனாள்.

“தெரியாதுன்னியே? வெறும் கடல்தண்ணியை ஊத்தி வெச்சிருவோம்.”

ஊற்றினார்கள். வாசலை எட்டிப் பார்த்த ஷிமே ஓடிவந்தான். “போட்டோக்காரர் இம்மாம்பெரிய விளக்கோட வந்திருக்காருக்கா. அடிச்சா தூசிகூடத் தெரியும்!”

ரொட்டி சுற்றிவந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். நகம் வெட்டும் கத்தரியால் வெட்டினாள்.

“எட்டு இதழ்க்கா, எண்ணி வெட்டு!”

“எண்ணிக்கிட்டுத்தான்டா இருக்கேன், கத்தாதே!”

போட்டதும் எல்லாம் மேலே மிதந்தன. ஷிமே பம்பைத் திருகினான். நாற்பதும் ராட்டினம் சுற்றின. குறைப்பதற்குள் குழு உள்ளே வந்துவிட்டது.

“எவ்வளவு துறுதுறுப்பு!” என்றார் குழுத் தலைவி. “ஒண்ணை நுண்ணோக்கியில பார்க்கலாமா, டாக்டர்?”

டாக்டர் நிக்ஷாவின் முகம் வெளுத்தது. சொட்டுக்குழாயில் ஒன்றை உறிஞ்சி, லென்ஸுக்கடியில் வைத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. பெரினா கண்ணை மூடிப் புனிதரைக் கூப்பிட்டாள்.

“நல்ல ஆரோக்கியம்,” என்றார் டாக்டர் கடைசியில். “இதுக்குமேல வெளிச்சம் பட்டா தாங்காது, மேடம்.” தானே அதை எடுத்துத் தொட்டியில் விட்டார்.

குழு கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனது. டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் வந்தார். பெரினா தானாகவே ஏப்ரனை அவிழ்க்கத் தொடங்கினாள்.

அவர் குனிந்து, அவள் காதோடு கேட்டார்:

“நேத்து பூரா உட்கார்ந்து நான் வெட்டிப் போட்டதுல ஆறு இதழ்தான் வந்துச்சு. உங்களுக்கு மட்டும் எட்டு எப்படிக்கா வந்துச்சு?”