மிட்டாய் உட்கார ஒரு கொய்யாக் கிளை

"என் உசுரு இருக்கிற வரைக்கும் இந்தக் கொய்யா மரத்துல ஒருத்தனும் பாராங் கத்திய வைக்கக் கூடாது!"

இப்படிச் சபதம் போட்டவன் நான்தான். ரந்தாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்துல இருபத்தாறு வருசம் ஆளுங்கள வேலை வாங்குற மண்டோரா இருந்த அமிர்தலிங்கம். விடியக்காலை ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல நின்னு நான் பேர் வாசிச்சா அறுபது பேர் விறைச்சு நிப்பாங்க. வீட்டுல நான் கூப்பிட்டா எங்க கிளி மிட்டாய் மட்டும்தான் திரும்பிப் பார்க்கும். அதுவும் பசியா இருந்தா.

மரத்து மேல என்ன அவ்வளவு பாசம்னு கேக்குறீங்களா? அடிமரத்துக்கும் வீட்டுத் தூணுக்கும் நடுவுல என் தூளி தொங்குது. மத்தியானச் சோறு முடிஞ்சு அதுல விழுந்தேன்னா நாலு மணிக்குத்தான் எந்திரிப்பேன். என் சம்சாரம் மோகனாவுக்கு அந்த நிழல் ஆகாது. துணி காயலையாம். அஞ்சு வருசமா வெட்டு வெட்டுன்னு நச்சரிப்பு. நான் அசையல.

போன மாசம் மிட்டாய்க்குக் கால் வீங்கிருச்சு. மோகனா சிரம்பான்ல டாக்டரம்மாகிட்ட தூக்கிட்டுப் போனா. திரும்பி வந்ததும் கூண்டுல கிளி உக்கார நான் மாட்டியிருந்த பிளாஸ்டிக் குழாயைப் பிடுங்கி என் காலடியில போட்டா.

"வழவழன்னு ஒரே மொத்தமா இருந்தா கால் புண்ணாயிருமாம். பட்டையோட நெசக் கிளை மாட்டணுமாம். ஒரு எடத்துல மெல்லிசு, ஒரு எடத்துல மொத்தம். கொய்யா ரொம்ப நல்லதாம்."

"கொய்யாவா? வேற மரமே இல்லியா ஒலகத்துல?"

"எனக்கென்னாங்க தெரியும்? கிளையப் பார்த்து எடுக்க ஒரு கண்ணு வேணும். மண்டோரு நீங்கதானே லா!"

அவ்வளவுதான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துருச்சு. ஒரே ஒரு கிளைதானே?

வெட்டினேன். கழுவிக் காயவெச்சு மாட்டினேன். மிட்டாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கல. கூண்டுக் கம்பியைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருந்துச்சு.

"மெல்லிசோ?"ன்னா மோகனா.

அடுத்த நாள் மொத்தமா ஒண்ணு. மறுபடியும் கம்பி.

"கோணலா இருந்தா உக்காருமோ என்னவோ!"

கோணல் வந்துச்சு. கவட்டை வந்துச்சு. எத்தனை பேரை, "வேலை சரியில்ல, போய் மறுபடி செய்"ன்னு திருப்பி அனுப்பியிருப்பேன்! இப்ப ஒரு கிளி என்னைத் திருப்பி அனுப்புது. மானப் பிரச்சினை, விடுவேனா?

பக்கத்து வீட்டு வீரமுத்து வேலிக்கு மேல எட்டிப் பார்த்தான். "அண்ணே, கிளி ஒண்ணா, ஒம்போதா?"

ரெண்டு வாரத்துல மரம் மொட்டை. தூளிக்கு மேல குடை பிடிச்சுட்டு இருந்த ஒரே ஒரு கிளைதான் மிச்சம். அதை மட்டும் தொடறதில்லைன்னு தூளியிலயே படுத்துட்டேன்.

"இங்க வந்து பாருங்களேன், பாவம்!"ன்னு மோகனா கூப்பிட்டா. கூண்டுத் தரையில மிட்டாய் ஒரு காலைத் தூக்கிக்கிட்டு, கண்ணு சொருக நின்னுச்சு. என் குழாயால வந்த புண்ணாச்சே! எனக்கு அழுகையே வந்துருச்சு. போனா போகட்டும் நிழலுன்னு அந்தக் கடைசிக் கிளையையும் வெட்டிட்டேன்.

மாட்டின உடனே மிட்டாய் ஏறி உக்காந்துச்சு. அடேயப்பா!

"பார்த்தியா என் செலக்சன? இதுல மட்டும் எப்படி உக்காந்துச்சு, சொல்லு!"

"இன்னிக்குத்தான் மொளகாயக் கிளைகிட்ட சொருகுனேன்."

"அப்ப இத்தனை நாளா?"

"நீங்க பார்க்குற நேரம் கம்பியில சொருகுனேன். மொளகா இருக்கிற எடத்துலதானே அது நிக்கும்? நீங்க தூளிக்குப் போனதும் உங்க மொதக் கிளையிலேயே ஜாலியா உக்காந்துச்சே."

"கால் வலியில ஒத்தக் கால்ல நின்னுச்சே, அது?"

"கால் அப்பவே ஆறிப் போச்சு. கிளி ஒத்தக் கால்ல நின்னா தூக்கம் வருதுன்னு அர்த்தமாம். டாக்டரம்மா சொன்னாங்க."

வாசல் பூரா சுள்ளுன்னு வெயில். மொட்டை மரத்துலேர்ந்து தூணுக்கு ஒரு புதுக் கொடிக்கயிறு, நான் கிளையைக் கழுவிக் காயவெச்ச நேரத்துலயே கட்டியாச்சு. மோகனா ஈரத்துணிக் கூடையை என் கையில கொடுத்தா.

"வெயில் எறங்குறதுக்குள்ள போட்டுருங்க, மண்டோரே."

கூடையில மேலாப்புல, நல்லாப் பிழிஞ்சு கிடந்துச்சு என் தூளி.